இரு முனையும் கட்டிய குடல்

பேரையூரிலிருந்து காலை பஸ்ஸில்
தெர்மாக்கோல் பெட்டியை மடியிலேயே வைத்து வந்திருக்கிறார் பேயாண்டி.
மீனா என்று கேட்டாராம் கண்டக்டர்.
ஆமாம் என்றாராம்.

உள்ளே ஒரு சாண் சிறுகுடல்,
இரு முனையும் நூலால் கட்டி, ரெண்டு சொட்டு குளோரோபார்ம் விட்டது.
இருமல் மருந்துக் குப்பியில் கொஞ்சம் மூத்திரம்.
ஐஸ் பாதி உருகிவிட்டது.
டாக்டரின் சீட்டு நனைந்திருந்தது:
செம்மறி. பெட்டை. ஏழு மாதம். நல்ல தேகம்.
மாலை மேய்ந்தது. விடியலில் துள்ளி விழுந்தது.
கிடையில் இதோடு ஒன்பது.

சீட்டில் இல்லாததை அவர் சொன்னார்:
"எம் பங்காளி தவிட்டுச்சாமிதான்.
பாதைத் தகராறு. தொட்டித் தண்ணில கலந்துட்டான்.
விஷம்னு மட்டும் எழுதிக் குடுங்கம்மா,
ஸ்டேஷன்ல மத்தத நான் பாத்துக்கிறேன்."

கையுறையை மாட்டிக்கொண்டேன்.
விஷமா என்று கேட்கத்தான் இந்த அறை.
யார் என்று கேட்க
இங்கே கருவி எதுவும் வாங்கித் தரவில்லை.

முதலில் மூத்திரம்.
என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் நனைத்த அதே பட்டை,
அதே பச்சை, பிறகு பழுப்பு.
புல் தின்ற ஆட்டுக்குச் சர்க்கரை.
சந்தேகம் இங்கேதான் தொடங்கும்,
முடிக்க இது போதாது.

நூலை அவிழ்த்து, வழித்து, சுழலவிட்டு,
கசடு அடியில் படிய
மேலே நின்ற தெளிவை உறிஞ்சுகிறேன்.
எது கொன்றதோ அது கசடில் இல்லை,
தெளிவில் இருக்கிறது.

ஒரு காலத்தில் எலிகள்.
வெள்ளை எலி, ஜோடி ஜோடியாக.
ஒன்றுக்கு வெறும் நீர், இன்னொன்றுக்கு எதிர்நஞ்சு கலந்த நீர்.
எந்த எதிர்நஞ்சில் எலி பிழைத்ததோ
அதன் பெயரே நோயின் பெயர்.
அந்த நாள்களில் மதியச் சோறு
டப்பாவோடு வீடு திரும்பும்.

இப்போது பிளாஸ்டிக் தட்டு. தொண்ணூற்றாறு குழி.
ஒவ்வொன்றின் அடியிலும்
ஒரே ஒரு நஞ்சை மட்டும் கவ்வத் தெரிந்த ஒன்று ஒட்டியிருக்கிறது.
ஊற்று. காத்திரு. கழுவு.
மறுபடி கழுவு.
சரியாகக் கழுவாவிட்டால்
நிரபராதியும் நிறம் காட்டுவான்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. வந்தது.
வெளியே புங்கமர நிழலில்
அவர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

நீலம்.
மூன்றாம் வரிசையில், மெல்ல, பிறகு சட்டென்று.
அமிலத் துளி பட்டதும் மஞ்சள்.
நஞ்சில்லா நீர் வைத்த குழி மட்டும் வெறுமையாகவே இருந்தது.
அது வெறுமையாக இருப்பதால்தான்
மற்றதை நான் நம்பலாம்.

"போன வாரம் அங்கே மழையா?"
"பேஞ்சுச்சும்மா. மூணு வருஷம் கழிச்சு.
தரிசெல்லாம் இளம்புல்லு. ஆசையா மேய விட்டேன்."

துள்ளுமாரி என்றேன்.
குடலில் எப்போதும் இருக்கிற கிருமிதான்.
திடீர் விருந்தில் பெருகி நஞ்சைக் கக்கும்.
கக்கும்போது அது மொட்டைக் கத்தி,
தீட்டித் தருவது ஆட்டின் சொந்தச் செரிமான நீர்.
கொழுத்ததைத்தான் முதலில் எடுக்கும்.

தூரத்து லாரி ஒன்று போய் மறையும்வரை பேசவில்லை அவர்.
ஒன்பது ஆட்டை இழந்தபோது இருந்த கோபம்
இப்போது உட்கார இடமில்லாமல் நின்றது.
"அப்ப தவிட்டுச்சாமி?"

அவர் ஆடும் அந்தப் புல்லைத்தானே மேய்கிறது,
உங்களோடு அவரையும் தடுப்பூசி போடச் சொல்லுங்கள்.

"பேச்சுவார்த்தையே இல்லையே."

தட்டச்சு செய்தேன்.
நஞ்சு: எப்சிலான். வகை: டி.
கையொப்பம்: ஜெசிந்தா, ஆய்வக நுட்பர்.

"ரெண்டா போட்டுக் குடுங்க" என்றார்.
எதற்கென்று கேட்கவில்லை.
ஒன்றைச் சட்டைப் பையில் மடித்தார்,
மற்றதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

பெட்டியைத் திருப்பிக் கேட்டார்.
எரிக்கணும் என்றேன்.

வாசலில் அடுத்தது வந்துவிட்டது,
சேடபட்டியிலிருந்து, சாக்கில்:
கழுத்து தொங்கிப்போன மூன்று கோழிகள்,
ஒன்றுக்கு இன்னும் உயிர்.